சின்னாத்தாள் சொல்லாத ‘வாங்க’

கோயம்புத்தூரில் தள்ளுவண்டியிலும் வேனிலும் காய் வாங்குகிறவர்களுக்கெல்லாம் சின்னாத்தாளைத் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில், “வாங்க கண்ணு, வாங்க. வாங்கக்கா, வாங்க. கெணத்துக்கடவுத் தக்காளிங்க, காலைல பறிச்சதுங்க” என்று ஒரு குரல் வருமே, அதுதான். தக்காளி தேவைப்படாதவர்கள்கூடக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானே வந்திருக்கிறேன். இத்தனைக்கும் அந்தக் குரலைப் பதிவு செய்தவளே நான்தான்.

என் பேர் தாஜுன்னிசா. போத்தனூரில் எங்கள் வீட்டுக்காரர் அப்துல் கையூம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு ரூம், அதில் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். அது என் ராஜ்யம். வெங்காய வேன்காரர், உப்புக்காரர், பழைய இரும்பு எடுப்பவர் என்று எல்லோரும் ஸ்பீக்கருக்கு வேண்டிய குரலை என்னிடம்தான் பென்டிரைவில் வாங்கிப் போவார்கள்.

சின்னாத்தாள் அக்காவைப் பற்றி இப்போது ஊரில் கண்டபடி பேசுகிறார்கள். புருஷனைச் சபையில் வைத்து அவமானப்படுத்தினவளாம். வாய்க்கொழுப்பாம். பேசுகிறவர்களில் ஒருத்தர்கூடப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அதனால் நான் சொல்கிறேன். நடுவில் யாராவது “ஆனாலும் ஒரு பொம்பளை” என்று ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

அக்கா பிறந்தது கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு, அவ்வளவுதான். பொங்கியண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை வீடு இவர்களைவிட வசதியான வீடு. கல்யாணம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் வாங்க, வாங்க என்று கேட்டார்கள். அக்காவின் அப்பாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் பாத்திரமூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ‘வாங்க’ என்பது லேசுப்பட்ட சொல் இல்லை. ஒறம்பரை வந்தால், அதாவது விருந்தாளி வந்தால், வீட்டு ஆள் முகத்தைப் பார்த்து வாங்க என்று கேட்டால்தான் செருப்பைக் கழற்றுவார்கள். “என்னையப் பாத்து வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல” என்று சொல்லி ஆயுசு முழுக்கப் பேசாமல் இருக்கும் பங்காளிகள் உண்டு. எங்கள் ஜனங்களுக்கும் இது ஒட்டிக்கொண்டுவிட்டது. என் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், அவள் கதை இப்போது வேண்டாம்.

மணப்பெண் படியில் ஏறாமல் நின்றுவிட்டார். மாமியார், “காலெடுத்து வெய் அம்மிணி” என்றிருக்கிறார். “எங்கப்பாவ வாங்கன்னு கேளுங்க, வாரேனுங்க” என்றிருக்கிறார் அக்கா. கழுத்தில் மாலையோடு! அத்தனை சனமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, மாப்பிள்ளை பொங்கியண்ணன் நான்கு பேரை விலக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய், மாமனார் தோளில் இருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு, “வாங்க மாமா” என்று கூப்பிட்டாராம். “அன்னைக்கு நெனச்சுட்டேன் தாஜு, இந்த மனுசனுக்கு நாம ஆயுசுக்கும் ஒழைக்கலாம்னு” என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு நாளைத் தவிர பொங்கியண்ணன் வேறெங்கும் வாயைத் திறந்ததாகத் தெரியவில்லை. பேருக்கு ஏற்ற மாதிரி ஒருநாளும் பொங்கியதில்லை. பயங்கரக் கூச்சம். பங்காளிகளோடு ஒத்துவராமல் போத்தனூருக்கு வந்து, வேன் வாங்கி, தக்காளி வியாபாரம் ஆரம்பித்தார்கள். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, யாராவது வந்து கேட்டால் கேட்கட்டும் என்று இவர் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பாதித் தக்காளி அப்படியே திரும்பி வரும். வீட்டில் ரசம், தொக்கு, ஊறுகாய், மறுபடியும் ரசம். தாங்க முடியாமல் ஒருநாள் அக்கா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“தாஜு, இவருக்கு வாயி வாராது. என்ற வாயப் புடிச்சு அந்த டப்பாவுல போட்டுக் குடுத்துரு.”

அக்காவை மைக்கின் முன்னால் உட்கார வைத்தேன். “வாங்க” என்றார். செத்த குரல். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. மறுபடி மறுபடி எடுத்தும் தேறவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தக் கொழாயப் பாத்து எப்புடி வாங்கன்னு கேக்கறது? வாராத ஆளக் கேக்க எனக்கு வராது” என்று சொல்லிவிட்டு, மூலையில் நின்றிருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, நீங்க செத்த நேரம் வெளிய போயி உள்ள வாங்க.”

பொங்கியண்ணன் வெளியே போய், கதவைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார். அக்கா அவரைப் பார்த்து, “வாங்க” என்றார். அவ்வளவுதான், ஒரே டேக். இன்றைக்கு ஊர் முழுக்கக் கேட்கிற அந்த வாங்க, அவரைப் பார்த்துச் சொன்னது. கடைசியில், “ஊட்டுக்கே வேணும்னா கூப்புடுங்க” என்று அக்காவின் செல் நம்பரையும் சொல்ல வைத்துப் பதிந்து கொடுத்தேன்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மற்ற வண்டிக்காரர்களும், “அந்தக்கா குரலே எங்களுக்கும் வேணுங்க” என்று வந்து நின்றார்கள். ஒவ்வொரு முறை பதியும்போதும் நான்தான் வெளியே போய் உள்ளே வரவேண்டும். எங்கள் வீட்டுக்காரர், “இன்னைக்கு எத்தனை வீட்டுக்கு விருந்துக்குப் போனே?” என்று கிண்டல் செய்வார். அக்கா வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் புருஷன் வேலை முடித்து வந்தால், ஒறம்பரையைக் கேட்பதுபோல் தினமும் வாசலுக்கு வந்து வாங்க என்று கேட்பார். கட்டிய புருஷனை இப்படிக் கேட்கிற ஒருத்தரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு அக்கா சோறு கட்டிக் கொடுத்துவிடும் போசி, அதாவது தூக்குப்பாத்திரம், சாயங்காலம் பளபளவென்று கழுவித் திரும்பி வரும். அதில் அக்காவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? “எங்கூட்டுக்காரரு போசியக் கழுவிக் கொண்டாராரு தாஜு. உங்க பாய் கழுவுவாரா?” என்பார். நானும் அதைக் கேட்டுவிட்டு வீட்டில் போய் அந்த மனுஷனிடம் சண்டை பிடித்திருக்கிறேன். சும்மா கிடந்த என் குடும்பத்திலும் அந்தப் போசி புகுந்து விளையாடியது.

ஒரு மத்தியானம். உப்பு வண்டிக்காகப் பதிந்துகொண்டிருந்தோம். அக்காவின் செல் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்க, தக்காளி வண்டிங்களா? வண்டிய நிறுத்திப்போட்டு எங்கீங்க போயிட்டீங்க? கூப்பாடு மட்டும் கேக்குது, ஆளக் காணமுங்க. அடுப்புல பருப்ப வெச்சுப்போட்டு வந்து நிக்கறேன், ரெண்டு கிலோ குடுத்து உடுங்க.”

அந்தப் பெண் பேசும்போதே பின்னால், “வாங்க கண்ணு, வாங்க” என்று அக்காவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

“வண்டி எங்கீங்க நிக்குது?” என்று அக்கா கேட்டார்.

“இங்கதானுங்க, கெணத்துக்கடவுல. மயிலாத்தா ஊட்டுக்கு முன்னால. தெனமும் சோத்து நேரத்துக்கு இங்கதானுங்களே நிக்கும்? பொழுது சாஞ்சுதான் எடுப்பாரு. மத்த நாளெல்லாம் சத்தமில்லாம நிக்கும். இன்னைக்கு மறந்துபோட்டு உள்ள போயிட்டாராட்ட இருக்குதுங்க.”

மத்தியானமெல்லாம் மார்க்கெட்டில் ஏலத்துக்கு நிற்பதாகத்தான் பொங்கியண்ணன் வீட்டில் சொல்லியிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். போசியை யார் கழுவியது என்று எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. போனைப் பிடுங்கி நான் கத்தியிருப்பேன். அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

“ஏனுங் அம்மிணி, உங்க தெருவுல இருக்கறவங்களையெல்லாம் கூப்புடுங்க. கூடை, பையி எது இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. வண்டில இருக்கறத அள்ளிட்டுப் போங்க. காசு வேண்டாமுங்க.”

“இனாமுங்களா? ஏனுங்க, என்ன விசேசமுங்க?”

“விசேசந்தானுங்க” என்று சொல்லி அக்கா போனை வைத்தார்.

பிறகு நடந்தது, கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே மறுபடி போன் செய்து சொல்லித்தான் தெரியும். சத்தம் கேட்டுப் பொங்கியண்ணன் சோற்றுக் கையோடு வெளியே வந்தபோது, வண்டியில் ஒரு தக்காளி இல்லை. தெரு சனம் மொத்தமும் பையும் கையுமாக நின்று, “நல்லா இருப்பீங்க சாமி” என்று அவரை வாழ்த்தியிருக்கிறது. ஸ்பீக்கர் மட்டும் விடாமல் வாங்க, வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. உப்பு வண்டிப் பதிவைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

சாயங்காலம் அவர் வந்தார். அக்கா வாசலில் நின்றார். அவர் செருப்பைப் பாதி கழற்றினபடி நின்றார், வழக்கமான அந்தச் சொல்லுக்காக. அக்கா சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி” என்றார் அவர். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார். சொம்பை வாங்கிக்கொண்டு அக்கா மறுபடியும் அதே இடத்தில் நின்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை, அழவில்லை. கேட்காத வீட்டுக்குள் காலை வைக்க அந்த மனுஷனாலும் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் பஞ்சாயத்து. அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் நாச்சிமுத்துவே முன்னால் நின்று நடத்தினார். “அவரு குடிச்சாரா? அடிச்சாரா? ஏதோ புத்தி கெட்டுப் போயிட்டாரு. இப்பத்தான் விட்டுப்போட்டாரல்ல?” என்றார். விட்டுவிட்டாராம், என்னமோ பீடியை விட்ட மாதிரி! அந்த மயிலாத்தாளை நான் திட்டப்போவதில்லை. “பொண்டாட்டி தவறிப்போயிட்டா” என்று இவர் அந்த அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாராம். செத்துப்போன பொண்டாட்டியின் குரல்தான் வாசலில் கத்துகிறது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

“ஒரே ஒரு வாங்க, அம்மிணி. கேட்டுப்போட்டா முடிஞ்சுது. பழசெல்லாம் போச்சு” என்று நாச்சிமுத்து வாரம் தவறாமல் வந்து கேட்டார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். கடைசியில் அவர் ஒரு வக்கீல் புத்தி கண்டுபிடித்தார். “நீ கேக்கலைன்னு யாரு சொன்னா? அவரு வண்டில தெனமும் உன்ற குரல்தானே வாங்க வாங்கன்னு கேக்குது? ஊரறிய கேட்டுட்டே இருக்கறே. ஊட்டுல கேக்கறதுக்கு என்ன?” இதற்கு நாலு பேர் தலையை வேறு ஆட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காப்பியைத் தலையில் ஊற்றியிருப்பேன்.

அன்றைக்கே, “அக்கா, அந்தக் குரலை அவர் வண்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நான் போய்ப் பிடுங்கிட்டு வாரேன்” என்றேன். அக்கா, “அந்த வாங்க பொய்யில்ல தாஜு. மனசாரக் கேட்டது. அத எப்புடிப் புடுங்கறது?” என்றார். முதல் தடவையாக அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன்.

இந்த நேரத்தில்தான் வர்ஷினி கூப்பிட்டாள். அக்காவின் ஒரே பெண், சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை, அங்கேயே ஒரு அப்பார்ட்மென்டில் குடியிருக்கிறாள். அவர்கள் அசோசியேஷன் ஆண்டு விழாவுக்குப் பழைய காலத்து ஊமைப்படம் ஒன்று போடுகிறார்களாம். நூறு வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டுப் படம். சத்தமே கிடையாது, நடுநடுவே எழுத்து மட்டும் வரும். அதைப் பார்த்து யாராவது மைக்கில் தமிழில் பேசினால் குழந்தைகளும் பெரியவர்களும் சிரிப்பார்கள் என்று செயலாளர் லட்சுமிநாராயணன் ஆசைப்பட்டிருக்கிறார். “எங்கம்மா பேசுவாங்க சார், உங்க தெருவுல வர்ற தக்காளி வண்டிக் குரல் அவங்கதான்” என்று இவள் சொல்லிவிட்டாள். அக்கா போக ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம். மைக் வேலைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்.

ஒத்திகைக்குப் போனபோதுதான் படத்தின் கதை தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு தொப்பிக்காரன், பெண்டாட்டியிடம் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு இன்னொருத்தி வீட்டுக்குப் போகிறான். தொப்பியை அங்கேயே மறந்துவிட்டு வருகிறான். தொப்பியைத் தேடி ஓட்டம், விழுதல், எழுதல். பெண்டாட்டிக்குச் சந்தேகம் வந்து, முகமூடி போட்டுக்கொண்டு நடனத்துக்குப் போகிறாள். இவன் தன் பெண்டாட்டி என்று தெரியாமல் அவளிடமே கொஞ்சுகிறான். எல்லாம் வெளுத்த பிறகு, கடைசியில் மழையில் நனைந்து வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள். அவள் உதடு அசைகிறது. அதோடு திரை கறுத்துவிடுகிறது.

“இந்த இடத்துல எழுத்து வராதும்மா. ஆனா எல்லாருமே, ‘உள்ளே வா’ன்னு சொல்றதாத்தான் எடுத்துக்குவாங்க. நீங்க ‘வாங்க’ன்னு சொல்லி முடிச்சிடுங்க. ஜனங்க சந்தோஷமா சாப்பிடப் போகட்டும்” என்றார் லட்சுமிநாராயணன். தங்கமான மனுஷர், அவருக்கு இந்த வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு வயரைச் சுற்றினேன். அக்கா நிதானமாக, “அந்தக் கடைசிய மட்டும் இன்னொருக்காப் போடுங்க” என்றார். போட்டார். “இன்னொருக்காங்க.” அந்தப் பெண்ணின் வாயையே அக்கா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா அன்று சாயங்காலம் ஹால் நிறையக் கூட்டம். நான் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நாச்சிமுத்து. அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு பொங்கியண்ணன். தக்காளி வண்டியிலேயே வந்திருக்கிறார்கள்; கீழே கேட்ட ‘வாங்க’ சத்தத்தை நான் வழக்கமான காய் வண்டி என்றுதான் நினைத்திருந்தேன். வர்ஷினி வெள்ளந்தியாக, ஒத்திகையில் நடந்ததை மாமாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். நாச்சிமுத்து நேராக அக்காவிடம் வந்தார்.

“அம்மிணி, கடைசில வாங்கன்னு சொல்றியாமா? அத இவரப் பாத்துச் சொல்லிப்போடு. சபைல கேட்ட மாதிரி ஆயிரும். அப்படியே நாங்க ஊட்டுக்குக் கூட்டியாந்துர்றோம். உன்ற மானமும் போகாது, அவரு மானமும் போகாது.”

வர்ஷினிக்கு முகம் வெளிறிவிட்டது. “அம்மா, எனக்குத் தெரியாதும்மா” என்றாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். “படம் ஆரம்பிக்குதுங்ணா. உக்காருங்க.” நாச்சிமுத்து ஜெயித்த முகத்தோடு மச்சானை முதல் வரிசையில், அக்காவுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார். கோபத்தில் வால்யூம் குமிழ் எனக்குப் பிடிபடவே இல்லை.

விளக்கை அணைத்தார்கள். தொப்பிக்காரன் வந்தான். அக்கா குரலை இறக்கி, “ஏனம்மிணி, ஆபீசுல கணக்கு முடிக்கோணும். வாரதுக்கு நேரமாகும், நீ தின்னுபோட்டுத் தூங்கு” என்றார். ஹால் அதிர்ந்தது. சூட்டும் கோட்டுமாக ஒரு வெள்ளைக்காரன் எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவன் தொப்பியைக் காணாமல் மேஜைக்கு அடியில் தேடும்போது, “தொப்பிய அங்கயே வெச்சுப்போட்டு வந்துட்டனாட்ட இருக்குதே! நல்லவேளை, அது கூப்பாடு போடாது” என்றார். கூட்டம் சும்மா சிரித்தது. முதல் வரிசையில் ஒருத்தர் மட்டும் நெளிந்தார்.

முகமூடிக் காட்சி வந்தது. தொப்பிக்காரன் தன் பெண்டாட்டியின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கிறான். ஒத்திகையில் அந்த இடத்தில் அக்கா ஏதோ கேலியாகப் பேசியிருந்தார். இப்போது குரல் மாறியது.

“கட்டுனவளத் தெரியலீங்களா? மொகத்தத்தானுங்களே மூடியிருக்கறேன். கையி அதே கையிதானுங்க. தெனமும் உங்களுக்குச் சோறு கட்டிக் குடுத்த கையி. அதக்கூடத் தெரியலைன்னா, இத்தன நாளு என்னத்தப் பாத்தீங்க?”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மழை வந்தது. தொப்பிக்காரன் நனைந்து வாசலில் நிற்கிறான். நாச்சிமுத்து மச்சானின் தோளைத் தட்டினார். பொங்கியண்ணன் தலையை நிமிர்த்தினார். அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். அங்கே கதவு திறந்தது. அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது.

“போங்க” என்றார் அக்கா.

திரை கறுத்தது. கூட்டம் கொல்லென்று சிரித்துக் கைதட்டியது. நம் ஊரில் புருஷன் கொஞ்சினால் பெண்டாட்டி வெட்கப்பட்டு ‘அட, போங்க’ என்பாளே, அந்தப் போங்க என்று எடுத்துக்கொண்டார்கள். லட்சுமிநாராயணன்கூட, “பலே, பலே” என்றார். நாச்சிமுத்துவுக்கும் குழப்பம், சிரிப்பதா வேண்டாமா என்று பக்கத்து ஆளைப் பார்த்தார். விளக்குப் போட்டார்கள். சிரிப்பு அடங்கும்வரை அக்கா மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு எழுந்து நின்று, திரையே இல்லாமல், நேரே பார்த்து இன்னொரு முறை சொன்னார்.

“போங்க.”

யாரும் சிரிக்கவில்லை. விரோதியை அனுப்பினால்கூட எங்கள் பக்கம் ‘போயிட்டு வாங்க’ என்றுதான் சொல்வோம். வெறும் ‘போங்க’ என்று வாசலில் நின்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“அம்மிணி, என்ன பேசறே? சபையில!” என்று நாச்சிமுத்து எழுந்தார்.

“சபைல சொல்லோணும்னு நீங்கதானுங்ணா கூட்டியாந்தீங்க? சொல்லிப்போட்டேன். மருவாதியாத்தானுங்களே சொன்னேன்? ‘ங்க’ போட்டுத்தானுங்களே சொன்னேன்?” அக்காவின் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. “எங்கப்பாவ வாங்கன்னு கேட்டவரு இவரு. அதுக்காகத்தான் இத்தன வருசமும் தெனமும் வாசல்ல நின்னு நான் இவரக் கேட்டேன். நான் செத்துப்போயிட்டேன்னு சொன்ன வாயி, இனி என்ற வாயில இருந்து வாங்கன்னு வரும்னு காத்திருக்க வேண்டாமுங்க.”

வர்ஷினி ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன்.

பொங்கியண்ணன் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. வெளியே நடந்தார். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். அப்படியே போயிருந்தால் கௌரவமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கிணத்துக்கடவுக் கூத்துக்குப் பிறகு, இனி மறதியே வரக்கூடாது என்று பொங்கியண்ணன் ஸ்பீக்கரை வண்டிச் சாவியோடு சேர்த்து வயர் போட்டு வைத்திருந்தார். சாவியைத் திருகினால் பாடும், எடுத்தால் நிற்கும். இதற்கெல்லாம் மட்டும் மூளை நன்றாக வேலை செய்கிறது.

சாவியைத் திருகினார். “வாங்க கண்ணு, வாங்க. வாங்கக்கா, வாங்க.” அப்பார்ட்மென்ட் முழுக்க எதிரொலித்தது. மாடி பால்கனிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஹாலில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

அக்கா மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். நானும் ஓடினேன். வண்டிக் கதவைத் திறந்து, பொங்கியண்ணனின் முழங்காலுக்கு முன்னால் கையை விட்டு, பென்டிரைவைப் பிடுங்கினார். சத்தம் ‘வா’வோடு நின்றது.

“நானு... நானு எப்புடி ஏவாரம் பண்றது?” என்றார் பொங்கியண்ணன். அவர் என் காதுபட இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

“உங்களுக்கும் தொண்டை இருக்குதுங்களே” என்றார் அக்கா. “கூப்புட்டுப் பாருங்க.”

வண்டி நகர்ந்தது. கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பும்வரை ஒரு சத்தமும் இல்லை.

லட்சுமிநாராயணன் மூச்சு வாங்க இறங்கி வந்தார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஒத்திகையில ‘வாங்க’ன்னுதானே வச்சோம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வாங்கன்னா வாயத் தொறக்கோணுமுங்க சார்” என்றார் அக்கா. “அந்தம்மா வாயக் குவிச்சாங்க. நல்லாப் பாத்துட்டுத்தானுங்க சொன்னேன்.”

அவர் ஒன்றும் புரியாமல் படத்தை மறுபடி போட்டுப் பார்க்க மேலே போனார். பென்டிரைவை அக்கா என் உள்ளங்கையில் வைத்தார். அழிக்கட்டுமா, வைத்திருக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. இன்னும் அது என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. வர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். மேலே பந்தி ஆரம்பித்துவிட்டார்கள், இலை போடும் சத்தம் கேட்டது.

அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்து, படியில் ஏறி நின்று, எங்கள் ரெண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங், அங்கயே நின்னுட்டீங்க? வாங்க கண்ணு, வாங்க. சோறு திங்கலாம்.”